கேமரா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பத்து ஞாயித்துக்கிழமை

உங்க கேள்வியை சுருக்கமா சொல்லிடுறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியும். மதுரைல வேலை, வயசு முப்பதைத் தாண்டியாச்சு, ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் தான் நேரம் கிடைக்கும், போட்டோகிராபியை சும்மா ஒரு ஹாபியா ஆரம்பிக்கணும், 40 ஆயிரம் வரைக்கும் செலவு பண்ணலாம், டிஎஸ்எல்ஆர் (உள்ள கண்ணாடி வச்ச கேமரா) வாங்கவா மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத புது வகை) வாங்கவா இல்ல கைல இருக்க போனே போதுமா. இதுக்கு ஒரு மாடல் பேரு சொல்லி முடிச்சிடலாம், நிறைய பேர் அப்படித்தான் சொல்லுவாங்க. நான் 2011லேருந்து இதே ஊர்ல இதைப் பண்ணிட்டு வரேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல நேரடியான பதில். இப்போ எதுவும் வாங்காதீங்க. போனை எடுத்துக்கிட்டு பத்து ஞாயித்துக்கிழமை ஒரே இடத்துக்குப் போங்க. பத்து இடம் இல்ல, ஒரே இடம். பதினோராவது வாரமும் போகணும்னு உங்களுக்கே தோணுச்சுன்னா அப்போ கேமரா வாங்கலாம், எதை வாங்கணும்னும் பாதி உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, என்கூட ஆரம்பிச்சவங்க ஏழெட்டு பேர்ல இப்பவும் எடுக்குறவங்க ரெண்டு பேர் தான், மிச்சப் பேரோட கேமரா பீரோல தூங்குது. அவங்க யாரும் திறமை இல்லாம நிறுத்தல. வாங்கின முதல் மாசம் கொடைக்கானல், அடுத்த மாசம் தனுஷ்கோடி, மூணாவது மாசம் போக இடமும் இல்ல லீவும் இல்ல, அதோட முடிஞ்சது. படம் எடுக்கணும்னா ஊருக்குப் போகணும்னு மனசுல பதிஞ்சிடுச்சுன்னா இந்த ஹாபி நிக்காது. வீட்ல இருந்து பைக்ல பத்து நிமிஷத்துல போற இடம் ஒண்ணு வேணும்.

எனக்கு அது வண்டியூர் தெப்பக்குளம். நீங்க மதுரைங்கிறதால சொல்றேன், உங்களுக்கு அது வைகைக் கரையா இருக்கலாம், கீழக்குயில்குடி சமணர் மலையா இருக்கலாம், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டா இருக்கலாம், உங்க தெரு முனை டீக்கடையா கூட இருக்கலாம். நான் ஆரம்பிச்சப்போ தெப்பக்குளத்துல தண்ணியே கிடையாது, பசங்க உள்ள இறங்கி கிரிக்கெட் ஆடுவாங்க, நடுவுல இருக்க மைய மண்டபத்துக்கு நடந்தே போகலாம். இப்போ தண்ணி நிக்குது, மண்டபம் அப்படியே தலைகீழா தண்ணில தெரியுது, சாயங்காலம் ஆனா ஊரே வந்து சுத்தி உக்காந்திருக்கு. ரெண்டுமே என்கிட்ட படமா இருக்கு. அந்த காஞ்ச குளத்துப் படங்களை எடுத்தப்போ அதுல ஒண்ணுமே இல்லன்னு தான் நெனச்சேன், இன்னைக்கு என்கிட்ட இருக்குறதுலயே அது தான் பெரிய சொத்து.

இதே குளத்தை 1858ல லின்னேயஸ் ட்ரைப்னு ஒருத்தர் படம் எடுத்திருக்காரு. கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்துல அதிகாரி, மெட்ராஸ் அரசாங்கத்துக்காக போட்டோ எடுக்க அனுப்பப்பட்டவரு. மாட்டு வண்டில சாமானை ஏத்திக்கிட்டு ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரைன்னு போயிருக்காரு. அவர் பெரும்பாலும் பயன்படுத்தினது பேப்பர் நெகட்டிவ். தஞ்சாவூர் பெரிய கோயில் அடிப்பகுதில இருக்க கல்வெட்டை 21 துண்டா எடுத்து ஒட்டி ஒரே நீளப் படமா பண்ணியிருக்காரு, கிட்டத்தட்ட 19 அடி நீளம். மதுரைல மீனாட்சி கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம் எல்லாம் எடுத்திருக்காரு, பெரிய மியூசியங்களோட இணையதளத்துல இலவசமா பாக்கலாம். ஒரு தடவை அந்தப் படத்தை போன்ல வச்சுக்கிட்டு அவர் எங்க நின்னு எடுத்திருப்பாருன்னு தேடிப் பாருங்க. அவர் ஏன் அந்த இடத்துல நின்னாரு, ஏன் அந்த நேரத்துல எடுத்தாருன்னு யோசிக்க ஆரம்பிச்சீங்கன்னா ஒரு காலைல நிறைய கத்துக்கலாம்.

சரி, ஒரே இடத்துக்கு திரும்பத் திரும்பப் போனா என்ன ஆகும்? மூணாவது வாரமே இடம் சலிச்சுப் போயிடும். அங்க தான் விஷயமே இருக்கு. இடம் சலிச்சதுக்கு அப்புறம் தான் கண்ணு வெளிச்சத்தைப் பாக்க ஆரம்பிக்கும். அதே படிக்கட்டு போன வாரம் பளிச்னு இருந்துச்சு, இந்த வாரம் மேகம் போட்டதால சப்பையா இருக்கு, அதே மேகத்துல பூக்காரம்மா முகம் மட்டும் அவ்வளவு அழகா வருது, இதெல்லாம் புது இடத்துல இருந்தா கவனிக்கவே மாட்டோம், ஏன்னா புது இடத்துல கண்ணு பொருளைத் தான் தேடும்.

வெளிச்சம்னதும் ஒண்ணு சொல்லணும், இது யூடியூப்ல வெளிநாட்டு ஆளுங்க வீடியோ பாத்து கத்துக்கிறவங்க நிறைய பேர் ஏமாறுற இடம். காலைல சாயங்காலம் ஒரு மணி நேரம் தங்க நிற வெளிச்சம் இருக்கும்னு சொல்லுவாங்க. அவங்க ஊருக்கு அது சரி. மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்க பத்து டிகிரி தான், இங்க சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தா ஏறும், லண்டன்ல மாதிரி சாஞ்சு சாஞ்சு ஏறாது. ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி கணக்கு, அப்போ அந்த மஞ்சள் வெளிச்சம் நமக்கு இருக்கப் போறது 25 நிமிஷம், மிஞ்சிப் போனா அரை மணி நேரம். மதுரைல வருஷம் முழுக்க சூரிய உதயம் கிட்டத்தட்ட ஆறு மணிலேருந்து ஆறே முக்காலுக்குள்ள முடிஞ்சிடும். ஏழே முக்காலுக்கு எந்திரிச்சு குளிச்சு எட்டரைக்குப் போனீங்கன்னா நல்லது எல்லாம் முடிஞ்சு போயிருக்கும். அஞ்சே முக்காலுக்கு அங்க இருக்கணும். சூரியன் வர்றதுக்கு முன்னாடி ஒரு இருபது நிமிஷம் வானம் நீலமா இருக்கும், தெரு விளக்கு மஞ்சளா எரிஞ்சிட்டு இருக்கும், அந்த ரெண்டு கலரும் சேர்ற நேரம் எனக்கு உதயத்தை விட பிடிக்கும்.

அதே மாதிரி மத்தியானம். சித்திரை மாசம் முதல் வாரத்துல மதுரைல சூரியன் சரியா தலைக்கு மேல வரும், நம்ம நிழல் நம்ம காலுக்கு அடியிலயே கிடக்கும், ஆவணில இன்னொரு தடவை அப்படி வரும். அந்த மாதிரி வெயில்ல ஆளை நிக்க வச்சு எடுத்தா கண்ணுக்குழி ரெண்டும் கருப்பா விழும், மூக்குக்கு அடியில ஒரு நிழல், முகமே வேற யாரோ மாதிரி ஆயிடும். அழகர் ஆத்துல இறங்குற நேரத்துல ஊரே படம் எடுக்கும், ஆனா வெயில் ஏறுனதுக்கு அப்புறம் எடுத்த முகங்கள்ல பாதி இப்படித்தான் இருக்கும். அதுக்காக மத்தியானம் எடுக்கவே கூடாதுன்னு இல்ல. நிழலுக்குப் போங்க. திருமலை நாயக்கர் மகாலுக்கு ஒரு பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்க, டிக்கெட் எடுக்கணும். நடு முற்றத்துல வெயில் கொளுத்தும், அந்த வெளிச்சம் தரைல பட்டு தூண் வரிசைக்குள்ள மெதுவா பரவும். முற்றத்தைப் பாத்து ஆளை நிழல்ல நிக்க வைங்க, வெயிலோட எல்லைலேருந்து ரெண்டடி உள்ள. முகத்துல விழுற வெளிச்சத்தைப் பாத்தீங்கன்னா பெரிய ஸ்டுடியோல கூட அப்படி வராது. அப்புறம் ரெண்டு ரெண்டு அடியா உள்ள போகச் சொல்லி ஒவ்வொரு இடத்துலயும் ஒண்ணு எடுங்க, வெளிச்சம் எப்படிக் குறையுதுன்னு தெரிஞ்சிடும். வீட்ல பகல்ல லைட்டை அணைச்சிட்டு வாசக்கதவுல இதே பாடத்தைப் படிக்கலாம், திண்ணை இருக்க வீடா இருந்தா இன்னும் நல்லது.

போன்ல எடுக்கும்போது என்ன பண்ணனும்னா, முதல்ல லென்ஸைத் துடைங்க. சட்டைப் பையில இருந்து எடுத்த போன் லென்ஸ்ல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், படம் மங்கலா வருதுன்னு புலம்புறதுக்கு பெரும்பாலும் இது தான் காரணம். ரெண்டாவது, விரலால திரையைத் தொட்டு எது தெளிவா இருக்கணும்னு சொல்லுங்க, தொட்டதும் பக்கத்துல சின்ன சூரியன் மாதிரி ஒண்ணு வரும், அதை மேல கீழ இழுத்தா வெளிச்சம் கூடும் குறையும். பல பேர் பல வருஷமா போன் வச்சிருந்தும் இதைத் தொட்டதே இல்ல. மூணாவது, ரெண்டு விரலால ஜூம் பண்ணாதீங்க, ரெண்டாவது லென்ஸ் இருந்தா அதுக்கு மாறுங்க, இல்லன்னா நடந்து கிட்டக்க போங்க. ஆனா முகத்துக்கு மட்டும் ரொம்பக் கிட்டக்க போகாதீங்க. போனோட மெயின் லென்ஸ் அகலமான காட்சியைப் பிடிக்கும், அதனால முகம் பெருசா வரணும்னு கிட்டக்க போகத் தோணும், ஒரு அடில நின்னு எடுத்தா மூக்கு பெருசா காது சின்னதா வரும். நாலஞ்சு அடி தள்ளி நின்னு எடுத்துட்டு அப்புறம் வெட்டிக்கோங்க. மூக்கு பெருசாறதுக்கு லென்ஸ் காரணம் இல்ல, தூரம் தான் காரணம், இது புரிஞ்சா லென்ஸ் பத்தின பாதி குழப்பம் போயிடும்.

போன்ல இன்னொண்ணு இருக்கு, எனக்கு இது ரொம்ப முக்கியம். பியூட்டி மோடுன்னு ஒண்ணு வச்சிருப்பாங்க, சில போன்ல வாங்கும்போதே ஆன் ஆகியிருக்கும். அதை அணைச்சிடுங்க. நம்ம ஆளுங்களோட கருப்பு நிறம், மாநிறம், வயசானவங்க முகத்துச் சுருக்கம் எல்லாத்தையும் வழிச்சு எடுத்து மெழுகு பொம்மை மாதிரி ஆக்கிடும். என் அப்பாயி போனதுக்கு அப்புறம் அவங்க படத்தைத் தேடுனப்போ சொந்தக்காரங்க போன்ல இருந்த எல்லாப் படத்துலயும் முகம் வழுவழுன்னு வெள்ளையா இருந்துச்சு, அந்த முகம் எங்க அப்பாயி முகமே இல்ல. நான் கேமரால எடுத்திருந்த மூணே மூணு படத்துல தான் அவங்க அவங்களா இருக்காங்க. கருப்பு நிறத்தை சரியா எடுக்குறது ஒரு வேலை, அதைக் கத்துக்கணும். வெள்ளைச் சுவர் முன்னாடி நிக்க வைக்காதீங்க, வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் சுவரைப் பாத்து ஏமாந்து முகத்தை இருட்டாக்கிடும். இலை, செங்கல், பழைய மரக்கதவு இந்த மாதிரி பேக்ரவுண்டு வைங்க, முகத்தைத் தொட்டு வெளிச்சத்தை சரி பண்ணுங்க, பக்கவாட்டுல இருந்து மெல்லிசா வெளிச்சம் விழட்டும், அப்போ தோல்ல ஒரு பளபளப்பு வரும் பாருங்க.

மீட்டர் ஏன் ஏமாறுதுன்னா, அதுக்கு முன்னாடி இருக்கறது வேட்டியா எருமையான்னு தெரியாது. எதைப் பாத்தாலும் நடுத்தரமான சாம்பல் கலருக்குக் கொண்டு வரப் பாக்கும். அதனால வெள்ளை வேட்டி அழுக்கா வரும், எருமை வெளுத்துப் போய் வரும். வெள்ளை நிறைய இருந்தா வெளிச்சத்தைக் கூட்டணும், கருப்பு நிறைய இருந்தா குறைக்கணும். கேமரால எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்னு பிளஸ் மைனஸ் போட்ட பட்டன் ஒண்ணு இருக்கும், வேட்டிக்கு பிளஸ் ஒண்ணு, எருமைக்கு மைனஸ் ஒண்ணு, இவ்வளவு தான். கேமரா வாங்குனா முதல்ல கத்துக்க வேண்டிய பட்டன் இது தான்னு நான் சொல்லுவேன். ஆளுங்க எடுத்த உடனே மேனுவல் மோடுக்குப் போயிடுறாங்க, மேனுவல்ல எடுத்தா தான் போட்டோகிராபர்னு ஒரு நெனப்பு, அது தேவையே இல்ல.

இப்போ பத்து வாரம் முடிஞ்சது, கேமரா வேணும்னு தோணுதுன்னு வச்சுக்குவோம். போன்ல கிடைக்காதது கேமரால என்ன கிடைக்கும்? முதல்ல சென்சார் அளவு, அதாவது உள்ள வெளிச்சத்தைப் பிடிக்கிற சில்லோட அளவு. நல்ல விலை கூடுன போன்ல கூட மெயின் சென்சார் சுமார் 10 மில்லிமீட்டருக்கு 7 மில்லிமீட்டர் தான், சாதாரண போன்ல இன்னும் சின்னது. ஏபிஎஸ்-சின்னு சொல்ற சென்சார், அதாவது தொடக்க நிலை நிக்கான் கேனான் சோனி எல்லாத்துலயும் இருக்கறது, 23க்கு 15 கிட்ட வரும், பரப்பளவுல அஞ்சு மடங்கு. ஃபுல் ஃப்ரேம் 36க்கு 24. பெரிய சென்சார்னா அதிக வெளிச்சம் பிடிக்கும். போன் இந்தக் குறையை எப்படி சமாளிக்குதுன்னா நீங்க ஒரு தடவை அழுத்துறப்போ பல படம் எடுத்து ஒண்ணா சேர்த்து சரி பண்ணிடுது, அசையாத பொருளுக்கு அது அற்புதமா வேலை செய்யும். ஓடுற குழந்தைக்கு, பறக்குற கொக்குக்கு, மங்கல் வெளிச்சத்துல ஆடுற கரகாட்டத்துக்கு அது தடுமாறும். அப்புறம் தூரத்துல இருக்கறது. பறவை எடுக்கணும்னு ஆசை இருந்தா போன் பத்தாது. உங்களுக்கு தெப்பக்குளத்துப் படிக்கட்டும் மனுஷங்களும் தான் பிடிக்குதுன்னா கேமராவே வேணாம், போன்ல இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாம், அதுல ஒரு குறைச்சலும் இல்ல.

டிஎஸ்எல்ஆரா மிரர்லெஸ்ஸான்னு கேட்டீங்க. கேனானும் நிக்கானும் 2020க்கு அப்புறம் புது டிஎஸ்எல்ஆர் மாடல் எதுவும் விடல, ரெண்டு கம்பெனியும் மிரர்லெஸ்ஸுக்குப் போயிட்டாங்க. அதனால புதுசா வாங்குறதுன்னா மிரர்லெஸ், ஆனா 40 ஆயிரத்துக்கு புது மிரர்லெஸ் நல்லதா கிடைக்கிறது கஷ்டம். நான் சொல்றது, செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர். எல்லாரும் வித்துட்டு மாறுறதால இப்போ நல்ல விலைக்குக் கிடைக்குது. நிக்கான் டி3500, டி5300, டி5600, கேனான் 200டி இந்த மாதிரி. எல்லாமே 24 மெகாபிக்சல், ஹாபிக்கு அது தாராளம். 12க்கு 18 இன்ச் சைஸ்ல நல்ல தரமா பிரிண்ட் போட 20 மெகாபிக்சல் இருந்தா போதும், ஆல்பத்துல வைக்கிற 4க்கு 6 சைஸுக்கு ரெண்டு மெகாபிக்சலே போதும், அதனால மெகாபிக்சலைப் பாத்து மயங்காதீங்க. சோனி ஏ6000 செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சா அதுவும் நல்லது, மிரர்லெஸ், கைக்கு அடக்கமா இருக்கும், ஆனா பேட்டரி சீக்கிரம் தீரும், ரெண்டு பேட்டரி வேணும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது அவசரப்படாதீங்க, பகல்ல போய்ப் பாருங்க. லென்ஸைக் கழட்டி ஒரு பக்கத்துல இருந்து டார்ச் அடிச்சு இன்னொரு பக்கத்துல இருந்து பாருங்க, சிலந்தி வலை மாதிரி நூல் நூலா தெரிஞ்சா அது ஃபங்கஸ், அதாவது பூஞ்சை, எவ்வளவு குறைச்சுக் கொடுத்தாலும் வேணாம். அபெர்ச்சரை (லென்ஸுக்குள்ள வெளிச்சம் போற ஓட்டை) எஃப் 16ல வச்சு வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஒரு படம் எடுத்து பெருசு பண்ணிப் பாருங்க, சென்சார்ல தூசி இருந்தா புள்ளி புள்ளியா தெரியும், கொஞ்சம் இருந்தா சுத்தம் பண்ணிக்கலாம், கீறல் மாதிரி கோடா இருந்தா விட்டுடுங்க. ஷட்டர் கவுண்ட் கேளுங்க, அதாவது இதுவரைக்கும் எத்தனை படம் எடுத்திருக்குன்னு. இந்த மாதிரி கேமரா ஷட்டர் சுமார் 1 லட்சம் தடவை தாங்கும்னு சொல்லுவாங்க, 20, 30 ஆயிரம் ஓடியிருந்தா பயமில்ல. கல்யாண வேலைக்கு ஓடுன கேமராவா, வீட்ல இருந்த கேமராவான்னு ரப்பர் பிடியைப் பாத்தாலே தெரியும். லென்ஸ் மாட்டுற இடத்துல, பேட்டரி போடுற இடத்துல துரு இருக்கான்னு பாருங்க. இன்னொண்ணு, நிக்கான்ல இந்தத் தொடக்க நிலை பாடிகள்ல போகஸ் மோட்டார் கிடையாது, பழைய ஏஎஃப்-டி லென்ஸ் மலிவா கிடைக்குதுன்னு வாங்குனா கையால தான் போகஸ் பண்ணனும். நான் இப்படி ஒண்ணு வாங்கி ஒரு வருஷம் கையாலயே திருப்பிக்கிட்டு இருந்தேன், யாரும் எனக்கு முன்கூட்டி சொல்லல, அதான் உங்களுக்கு சொல்றேன்.

பாடிக்கும் கூட வர்ற 18-55 கிட் லென்ஸுக்கும் சேர்த்து பட்ஜெட்ல பாதி, கொஞ்சம் கூட ஆகலாம். மிச்சத்துல ஒரு பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாத லென்ஸ் வாங்குங்க, நிக்கான்னா 35 எம்எம் எஃப் 1.8, கேனான்னா 50 எம்எம் எஃப் 1.8. ஏன்னு சொல்றேன். எஃப் நம்பர்ங்கிறது லென்ஸோட குவிய தூரத்தை, அதாவது 35 எம்எம், 50 எம்எம்னு சொல்ற அந்த நம்பரை, ஓட்டையோட அகலத்தால வகுத்தா வர்றது, அதனால தான் நம்பர் சின்னதானா ஓட்டை பெருசு. 50 எம்எம் லென்ஸ்ல எஃப் 2ன்னா ஓட்டை 25 மில்லிமீட்டர். கிட் லென்ஸை 55ல வச்சா எஃப் 5.6க்குக் கீழ போகாது, எஃப் 1.8 லென்ஸ் அதைவிட கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ள விடும். சாயங்காலம் ஏழு மணிக்கு பூக்கடை பல்பு வெளிச்சத்துல ஒரு முகத்தை எடுக்கணும்னா அந்த பத்து மடங்கு தான் உங்களைக் காப்பாத்தும். பின்னாடி எல்லாம் மங்கி முகம் மட்டும் தெளிவா வர்றதும் அதனால தான். ஆனா வாங்குன புதுசுல எல்லாத்தையும் 1.8லயே எடுத்து பின்னாடி ஒண்ணுமே தெரியாம பண்ணுவோம், ஒரு ஆறு மாசம் அப்படித்தான் போகும். அப்புறம் பாத்தா அது மதுரைல எடுத்ததா மும்பைல எடுத்ததான்னே தெரியாது. பின்னாடி இருக்க கடை போர்டு, சைக்கிள், சுவர்ல எழுதுனது இதெல்லாம் தான் படத்துக்கு ஊரைக் கொடுக்குது. எஃப் 5.6, 8 பக்கமும் போய்ப் பாருங்க.

செட்டிங் ரொம்ப யோசிக்காதீங்க. நிக்கான்ல ஏ, கேனான்ல ஏவின்னு ஒரு மோடு இருக்கும், அதுல வைங்க, அபெர்ச்சரை நீங்க சொல்லுங்க, ஷட்டர் ஸ்பீடை, அதாவது ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கணும்ங்கிறதை, கேமரா பாத்துக்கும். ஐஎஸ்ஓவை (படத்தை எவ்வளவு பிரகாசமாக்கணும்ங்கிற அளவு) ஆட்டோல விட்டு மேல் எல்லை 3200ன்னு போட்டுடுங்க. ஷட்டர் ஸ்பீட் மட்டும் ஒரு கண்ணு வைங்க, 50 எம்எம் லென்ஸுக்கு 1/80க்குக் கீழ போனா கை நடுக்கம் தெரியும், நடந்து போறவங்களுக்கு 1/250, ஓடுற பசங்களுக்கு 1/500, பறக்குற பறவைக்கு 1/2000 கிட்ட. படம் கொஞ்சம் புள்ளி புள்ளியா இருந்தா பரவால்ல, ஆடிப் போன படத்தை ஒண்ணும் பண்ண முடியாது. பிலிம் காலத்துல மீட்டரே இல்லாம எடுத்தவங்க வச்சிருந்த ஒரு கணக்கு இருக்கு, நல்ல வெயில்ல எஃப் 16, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100. ஒரு நாள் மேனுவல்ல இதைப் போட்டு எடுத்துப் பாருங்க, சரியா வரும். மேகம் இல்லாத பகல்ல வெயிலோட அளவு பெருசா மாறாதுங்கிறது எனக்கு அப்போ தான் உறைச்சுது.

ட்ரைபாட், ஃபில்டர், பை, இதெல்லாம் ஒரு வருஷத்துக்கு வேணாம். ஒரு காத்துப் போகாத பிளாஸ்டிக் டப்பா மட்டும் வாங்குங்க, சமையல்கட்டுல அரிசி போட்டு வைக்கிற மாதிரி ரப்பர் வச்ச மூடி உள்ளது. அதுல சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலஞ்சு போட்டு கேமராவை அதுக்குள்ள வைங்க. கேமரா கூட வந்த பையிலேயே வச்சு பீரோல பூட்டுனீங்கன்னா ரெண்டு மழைக்காலத்துல ஃபங்கஸ் வந்துடும், துணியும் தோலும் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். கலர் மாறுற சிலிக்கா ஜெல் கிடைக்கும், கலர் மாறுனதும் தோசைக்கல்லுல லேசா சூடு பண்ணுனா பழைய கலருக்கு வந்துடும், திரும்பப் பயன்படுத்தலாம். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊர்ல இருக்கவங்க இன்னும் கவனமா இருக்கணும். எல்லாத்தையும் விட நல்ல மருந்து வாரா வாரம் வெளில எடுத்து வெளிச்சம் காட்டுறது தான்.

ஆளுங்களை எடுக்குறது பத்தி. தெருவுல படம் எடுக்கறப்போ நிறைய பேர் தூரமா நின்னு ஜூம் போட்டு ஒளிஞ்சு எடுப்பாங்க, எனக்கு அது பிடிக்காது. கிட்டக்க போய் "ஒரு படம் எடுத்துக்கவாண்ணே"ன்னு கேளுங்க. வேணாம்னா சிரிச்சிட்டு வந்துடுங்க. கேட்டா இயல்பா வராதுன்னு சொல்லுவாங்க, அது முதல் ரெண்டு நிமிஷத்துக்குத் தான், அவங்க வேலையைப் பாக்க ஆரம்பிச்சதும் நம்மளை மறந்துடுவாங்க. குழந்தைங்களை எடுக்கணும்னா கூட இருக்க பெரியவங்கட்ட கேக்காம எடுக்காதீங்க. முக்கியமா, எடுத்த படத்தை அடுத்த வாரம் பிரிண்ட் போட்டு கொண்டு போய்க் கொடுங்க. நான் தெப்பக்குளத்துக்கிட்ட பதநீர் விக்கிற ஒரு பெரியவரை எடுத்து 4க்கு 6 சைஸ்ல பிரிண்ட் கொடுத்தேன், கலர் லேப்ல சில ரூபா தான் ஆகும். அவரு அதை ரொம்ப நேரம் பாத்துட்டு, இதுல என் வண்டியும் வந்திருக்கேன்னாரு. அடுத்த வாரம் அவர் மகளைக் கூட்டிட்டு வந்து எடுக்கச் சொன்னாரு. ஒரே இடத்துக்குப் போறவனுக்கு மட்டும் தான் இது கிடைக்கும், சுத்திப் பாக்க வந்தவன் பிரிண்ட் கொடுக்கத் திரும்பி வர மாட்டான்ல.

கோயிலுக்குள்ள எடுக்குறது இப்போ கஷ்டம், 2022 டிசம்பர்ல ஐகோர்ட்டு தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள்ள செல்போனுக்குத் தடை போடச் சொல்லிடுச்சு. வெளில இருந்தே மாசி வீதி, சித்திரை வீதில எடுக்க ஆயிரம் இருக்கு. பறவைங்க பக்கம் போனீங்கன்னா கூடு கட்டியிருக்க இடத்துக்கு கிட்டப் போகாதீங்க, தாய்ப்பறவை பயந்து பறந்தா முட்டை வெயில்ல கிடக்கும், காக்கா தூக்கிட்டுப் போயிடும்.

எடிட்டிங் பத்தி பெருசா சொல்ல மாட்டேன். போன்ல ஸ்னாப்சீட், கம்ப்யூட்டர்ல டார்க்டேபிள், ரெண்டும் இலவசம். முதல் மூணு மாசம் ஜேபெக்ல எடுங்க, அப்புறம் ரா ஃபைலுக்குப் போங்க, அது சென்சார் பிடிச்சதை அப்படியே வச்சிருக்க ஃபைல். ஜேபெக்ல ஒரு கலருக்கு 256 படி தான் இருக்கும், 14 பிட் ரா ஃபைல்ல 16 ஆயிரத்துக்கு மேல இருக்கும், அதனால இருட்டா எடுத்துட்டதை இழுத்துக் காப்பாத்தலாம். கோணலை நிமித்துங்க, ஓரத்துல தேவையில்லாததை வெட்டுங்க, வெளிச்சத்தை சரி பண்ணுங்க. கலரை மட்டும் ஏத்தாதீங்க. நம்ம கோபுரமும் புடவையும் ஏற்கனவே போதுமான கலர்ல இருக்கு, இன்னும் ஏத்துனா கண்ணு கூசும். கலர் தொந்தரவு பண்ணுச்சுன்னா ஒரு மாசம் கருப்பு வெள்ளைல எடுத்துப் பாருங்க. மெட்ராஸ்ல மா. கிருஷ்ணன்னு ஒரு இயற்கை எழுத்தாளர் இருந்தாரு, நாவல் எழுதின அ. மாதவையாவோட மகன், காட்டு யானையை எல்லாம் கருப்பு வெள்ளைல தான் எடுப்பாரு. வேற வேற பாகங்களைச் சேர்த்து அவரே ஒட்டவச்ச கனமான கேமராவைத் தூக்கிட்டு காட்டுக்குள்ள நடந்தவரு. முதுமலைப் பக்கம் எல்லாம் திரும்பத் திரும்பப் போனவரு. அவரோட யானைப் படங்களைப் பாருங்க, ஒவ்வொரு யானையும் தனித்தனி ஆளா தெரியும்.

படத்தை ரெண்டு இடத்துல வைங்க. என்னோட 2013, 2014 படம் முழுக்க ஒரே ஹார்ட் டிஸ்க்ல இருந்துச்சு, கீழ விழுந்து போச்சு. தண்ணி வர்றதுக்கு முன்னாடி இருந்த தெப்பக்குளம் அதுல நிறைய இருந்துச்சு, இனிமே அதை எடுக்க முடியாது. பிரிண்ட் போட்டது மட்டும் தான் மிச்சம், நாப்பது படம் இருக்கும். அதுக்கப்புறம் மாசத்துக்கு பத்து படம் தேர்ந்தெடுத்து பிரிண்ட் போட்டு ஆல்பத்துல ஒட்டி பின்னாடி தேதி எழுதி வைக்கிறேன். எடுத்த முந்நூறுல பத்து பொறுக்குறது எடுக்குறதை விட கஷ்டம், ஆனா நம்ம எங்க தப்பு பண்றோம்னு அப்போ தான் தெரியும்.

கடைசியா ஒண்ணு, நீங்க கேமரா வாங்குன விஷயம் தெரிஞ்சதும் சொந்தத்துல காதுகுத்து, வளைகாப்புன்னு கூப்பிடுவாங்க, "நீயே எடுத்துடேம்ப்பா"ன்னு. ஒரு வருஷத்துக்கு ஒத்துக்காதீங்க. விசேஷத்துல ஒரு முக்கியமான நேரம் தவறிப் போச்சுன்னா திரும்ப வராது, அந்தப் பொறுப்பு தொழில்காரங்களோடது. நீங்க விருந்தாளியா போய் ஓரமா உக்காந்து, பந்தில இலை போடுற கையையும் தூங்கி வழியுற தாத்தாவையும் எடுங்க, அதை எந்த ஆல்பக்காரரும் எடுக்க மாட்டாரு.

இந்த ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்கிறதா இருந்தா, அஞ்சே முக்காலுக்கு தெப்பக்குளத்தோட மேற்குக் கரைல கிழக்கைப் பாத்து நில்லுங்க, சூரியன் மைய மண்டபத்துக்குப் பின்னாடி இருந்து வரும். எல்லாரும் அதைத் தான் எடுப்பாங்க, நீங்களும் ஒண்ணு எடுத்துக்கோங்க. எடுத்துட்டு அப்படியே திரும்பி நின்னு, அந்த வெளிச்சம் யார் மேல விழுதுன்னு பாருங்க. வாக்கிங் போறவங்க, படில உக்காந்து பேப்பர் படிக்கிறவரு, நாய்க்கு பிஸ்கட் போடுற அம்மா. இருபது நிமிஷம் தான் இருக்கும், அதுக்குள்ள எடுங்க.